ஜெர்மன் போர்க்கால விமான ஆவணங்கள்: சொற்சுருக்கங்களை அவிழ்க்க ஒரு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபெயின் இழப்புப் பட்டியல் நகல் ஒன்று முதன்முதலாகக் கைக்கு வரும்போது, ஜெர்மன் மொழி தெரிந்தவர்களே திகைத்துப்போவார்கள். முழுச் சொல் என்று ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் தேறும். மற்றதெல்லாம் வெட்டுண்ட சொற்கள், புள்ளிகள், சாய்கோடுகள், ரோமன் எண்கள். அகராதியில் அவை கிடைக்காது. இணையத்தில் கிடைக்கும் சுருக்கப் பட்டியல்களோ ஒரே எழுத்துக்கோவைக்கு நான்கு பொருளைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அந்த நான்கில் உங்கள் வரிக்கு உரியது எது என்று எவரும் சொல்வதில்லை. அந்த இடத்தில்தான் நான் மாதக்கணக்கில் திணறினேன். நீங்கள் அப்படித் திணறத் தேவையில்லை.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த ஆவணங்களில் எழுத்துகளைவிட அவை நிற்கும் இடம் முக்கியம். எந்த ஆவணம், எந்தப் பத்தி, முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்த்த பிறகே சுருக்கத்தைத் தொட வேண்டும்.

கீழே லத்தீன் எழுத்துகளை நாம் பள்ளியில் கற்ற ஆங்கில ஒலிப்பிலேயே எழுதுகிறேன். ‘ஜே.ஜி.’ என்றால் தாளில் அந்த இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள்.

1. கையில் இருப்பது என்ன ஆவணம் என்று தீர்மானியுங்கள்

அடிக்கடி எதிர்ப்படுபவை நான்கு வகை.

முதலாவது, விமானப்படைத் தலைமையின் கெனெரால்குவார்டியர்மைஸ்டர் (தலைமை வழங்கல் அதிகாரி) அலுவலகம், ஆறாம் பிரிவு, நாள்வாரியாகத் தொகுத்த இழப்புப் பட்டியல். படைப்பிரிவு, இடம், காரணம், விமான வகை, தொழிற்சாலை எண், சேத விழுக்காடு, குழுவினர் என்று பத்திகள் ஓடும். இரண்டாவது, பெயர்வாரி இழப்பு அறிக்கை, இதை என்.வி.எம். என்று குறிப்பார்கள். விமானத்தைவிட ஆளைப் பற்றிய தகவல் இதில் அதிகம். மூன்றாவது, விமானியின் சொந்தப் பறப்புக் குறிப்பேடான ஃப்ளூக்பூக். நான்காவது, எதிரி விமானத்தை வீழ்த்தியதாக உரிமை கோரும் பட்டியல்.

1943 இறுதி வரையிலான நாள்வாரிப் பட்டியல்கள் பெருமளவு தப்பியுள்ளன. 1944-ஆம் ஆண்டுக்குரியவற்றில் பெரும்பகுதி இல்லை. ஆகவே 1944 ஜூனில் விழுந்த விமானத்தை நாள்வாரிப் பட்டியலில் தேடிக்கொண்டிருக்காமல் நேராக என்.வி.எம். பக்கம் போங்கள்.

எச்சரிக்கை: நாள்வாரிப் பட்டியலில் ஒரு வரி கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். தாமதமாக வந்த செய்திகளும் திருத்தங்களும் பல வாரங்கள் கழித்து, வேறொரு நாளின் பக்கத்தில் சேர்க்கப்பட்டன. ‘நாக்ட்ராக்’ என்றால் பின்சேர்க்கை, ‘பெரிஷ்டிகுங்’ என்றால் திருத்தம். முதல் வரியில் காணாமற்போனவராக இருப்பவர் திருத்தத்தில் மருத்துவமனையில் இருக்கக்கூடும். அடுத்த சில மாதப் பக்கங்களையும் புரட்டுங்கள்.

நான்காம் வகையைப் பற்றியும் ஒரு சொல். அது கோரிக்கைப் பட்டியல் மட்டுமே. அதில் உள்ள ஒவ்வொரு வீழ்த்தலுக்கும் எதிர்த்தரப்பு ஆவணத்தில் ஓர் இழப்பு இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதில் ‘எச்.எஸ்.எஸ்.’ என்று வந்தால், எதிரியின் குண்டுவீச்சு விமானத்தை அதன் கூட்டத்திலிருந்து அடித்துப் பிரித்தது என்று பொருள். ‘இ.வி.’ என்றால், அப்படிப் பிரிந்த விமானத்தை இறுதியாக அழித்தது.

2. படைப்பிரிவைப் படியுங்கள்: புள்ளியும் சாய்கோடும்

சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது பெரிய பிரிவு. ஜே.ஜி. என்றால் போர்விமானப் பிரிவு (யாக்ட்கெஷ்வாடர்). கே.ஜி. குண்டுவீச்சுப் பிரிவு. என்.ஜே.ஜி. இரவுப் போர்விமானப் பிரிவு. இசட்.ஜி. இரட்டை எஞ்சின் கனரகப் போர்விமானப் பிரிவு. எஸ்.டி.ஜி. செங்குத்தாகப் பாய்ந்து குண்டுபோடும் பிரிவு. 1943 அக்டோபரில் இவற்றுக்கு எஸ்.ஜி. என்று பெயர் மாறியது. கே.ஜி.இசட்.பி.வி. என்ற நீண்ட கோவையில் முதலிரு எழுத்துகளைப் பார்த்துவிட்டுக் குண்டுவீச்சு என்று முடிவுகட்டாதீர்கள். கடைசி மூன்றெழுத்து ‘சிறப்புப் பணிக்கு’ என்பதைக் குறிக்கும். நடைமுறையில் அது போக்குவரத்துப் பிரிவு. 1943-இல் அவை டி.ஜி. (TG) ஆயின.

சாய்கோட்டுக்கு முன்னால் ரோமன் எண் இருந்தால் அது குருப்பெ. சாதாரண எண் இருந்தால் அது ஷ்டாஃபெல். பல ஷ்டாஃபெல் சேர்ந்து ஒரு குருப்பெ, பல குருப்பெ சேர்ந்து ஒரு கெஷ்வாடர். எண்ணுக்குப் பின்னுள்ள புள்ளியைத் தவறவிடாதீர்கள். ஜெர்மனில் அந்தப் புள்ளி ‘ஆவது’ என்று எண்ணை வரிசைப்படுத்தும்.

ஷ்டாஃபெல் எண் தெரிந்தால் குருப்பெயைக் கணக்கிட்டுவிடலாம். ஒன்று முதல் மூன்று வரை முதல் குருப்பெ, நான்கு முதல் ஆறு வரை இரண்டாவது, ஏழு முதல் ஒன்பது வரை மூன்றாவது. ஆனால் பகல்நேரப் போர்விமானப் பிரிவுகளில் 1944 நடுப்பகுதி முதல் ஒரு குருப்பெக்கு நான்கு ஷ்டாஃபெல் என்று மாற்றினார்கள். 1942-இல் மூன்றாம் குருப்பெயைச் சேர்ந்த ஏழாம் ஷ்டாஃபெல், 1944 இறுதியில் இரண்டாம் குருப்பெயில் இருக்கும். மாற்றம் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே நாளில் வரவில்லை. எனவே தேதியைப் பார்க்காமல் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

எண்ணுக்கும் சாய்கோட்டுக்கும் இடையே அடைப்புக்குறி வந்தால் அது பணியைச் சொல்கிறது. எஃப். நீண்டதூர வேவு, எச். தரைப்படைக்கான வேவு. ‘3.’, அடைப்புக்குறிக்குள் எஃப்., சாய்கோடு, 122 என்று இருந்தால், 122-ஆம் வேவு குருப்பெயின் மூன்றாவது நீண்டதூர ஷ்டாஃபெல் என்று படிக்க வேண்டும். ‘யாபோ’ என்பது குண்டு சுமக்கும் போர்விமானம். 1942-இல் ஆங்கிலக் கால்வாய்க் கரையில் ஜே.ஜி. 2, ஜே.ஜி. 26 இரண்டிலும் பத்தாம் ஷ்டாஃபெல் யாபோவாக இயங்கியது.

எல்.ஜி. என்பது புதியவர்களை நன்றாக அலைக்கழிக்கும். படைப்பிரிவுப் பத்தியில், பின்னால் 1 அல்லது 2 என்ற எண்ணோடு வந்தால் அது லேர்கெஷ்வாடர் என்ற செயல்விளக்கப் பிரிவு. கடிதத் தலைப்பில் வந்தால் பெரும்பாலும் லுஃப்ட்கவ், அதாவது விமானப்படையின் நிர்வாக மண்டலம். அஞ்சல் முகவரியில் எல்.ஜி.பி.ஏ. என்று வந்தால் அந்த மண்டலத்தின் அஞ்சலகம்.

3. விமானத்தின் எழுத்துக்குறியை உடையுங்கள்

குண்டுவீச்சு, வேவு, இரவுப் போர்விமானங்களின் உடலில் சிலுவைச் சின்னத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு எழுத்துகள் இருக்கும் (முதல் இரண்டில் ஒன்று எண்). ஆவணத்தில் சிலுவைக்குப் பதில் கூட்டல் குறி. முதல் இரண்டும் படைப்பிரிவு, மூன்றாவது அந்தத் தனி விமானம், நான்காவது ஷ்டாஃபெல்.

உண்மையான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1939 அக்டோபர் 28 அன்று ஸ்காட்லாந்தில் ஹம்பி என்ற இடத்துக்கு அருகே தரையிறங்கிய ஹைங்கல் 111 விமானத்தின் குறி: ‘1 எச் + ஜே ஏ’. ‘1 எச்’ என்பது கே.ஜி. 26. ‘ஜே’ அந்த விமானத்தின் தனி எழுத்து. கடைசி ‘ஏ’ கெஷ்வாடர் தலைமைக்குழு, அதாவது ஷ்டாப்.

கடைசி எழுத்துக்கான வரிசை இது. ஏ கெஷ்வாடர் தலைமைக்குழு. பி (B), சி, டி (D), இ முறையே முதல் நான்கு குருப்பெக்களின் தலைமைக்குழுக்கள். எச், கே, எல் முதல் மூன்று ஷ்டாஃபெல். எம், என், பி (P) அடுத்த மூன்று. ஆர், எஸ், டி (T) அதற்கடுத்தவை. யு, வி, டபிள்யூ பத்து முதல் பன்னிரண்டு வரை.

இதை விதியாகக் கொள்ளாமல் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளுங்கள். 1943 மே 9 அன்று ஸ்காட்லாந்தின் டைஸ் விமானத்தளத்தில் இறங்கி, இன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கும் யுங்கர்ஸ் 88-இன் குறி ‘டி (D) 5 + இ வி’. வரிசைப்படி அது பதினோராவது ஷ்டாஃபெல்லாக இருக்க வேண்டும். வந்ததோ என்.ஜே.ஜி. 3-இன் பத்தாவது ஷ்டாஃபெல்லிலிருந்து. எழுத்தும் பிரிவுப் பத்தியும் முரண்பட்டால், பத்தியை முதலில் நம்பி, இன்னொரு ஆவணத்தில் சரிபாருங்கள்.

தொழிற்சாலையிலேயே தரப்படும் இன்னொரு நான்கெழுத்துக் குறியும் உண்டு. அது ஷ்டாம்கென்ட்சைக்கன். நான்கும் எழுத்துகளாகவே இருக்கும், எண் வராது. அதைப் படைப்பிரிவுக் குறியாகப் பிரித்துப் பார்ப்பது வீண் வேலை.

ஒற்றை எஞ்சின் போர்விமானங்களுக்கு இந்த முறை இல்லை, நிறமும் எண்ணும்தான். குருப்பெயின் முதல் ஷ்டாஃபெல்லுக்கு வெள்ளை, இரண்டாவதற்குச் சிவப்பு அல்லது கறுப்பு, மூன்றாவதற்கு மஞ்சள் என்பது பொதுவான வழக்கம்.

டபிள்யூ.என்.ஆர். என்பது தொழிற்சாலை எண். விமானத்தை அடையாளம் காண இதைவிட உறுதியானது வேறில்லை. எழுத்துக்குறி மாறும், படைப்பிரிவு மாறும், இது மாறாது. கையெழுத்து ஆவணமாக இருந்தால் ஜெர்மன் ‘1’ மேல்நோக்கிய நீண்ட கீற்றோடு ‘7’ போலத் தெரியும். அவர்களின் ‘7’ நடுவில் குறுக்குக்கோடு பெற்றிருக்கும். எண்ணை நகலெடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.

4. பதவியும் பணியும்

அதிகாரிகளில் ஏறுவரிசை: எல்.டி. (லாய்ட்னன்ட்), ஓ.பி.எல்.டி. (ஓபர்லாய்ட்னன்ட்), எச்.பி.டி.எம். (ஹவுப்ட்மன்), மேஜர், ஓ.பி.எஸ்.டி.எல்.டி. (ஓபர்ஸ்ட்லாய்ட்னன்ட்), ஓ.பி.எஸ்.டி. (ஓபர்ஸ்ட்). ‘ஓ.பி.’ என்று தொடங்கும் மூன்றையும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் படியுங்கள். ஒன்று இளம் அதிகாரி, மற்றொன்று கர்னல்.

மற்ற பதவிகளில் ஜி.இ.எஃப்.ஆர். (கெஃப்ரைட்டர்), யு.எஃப்.எஃப்.இசட். (உன்டர்ஆஃபிட்சியர்), எஃப்.டபிள்யூ. (ஃபெல்ட்வேபெல்), ஓ.எஃப்.டபிள்யூ. (ஓபர்ஃபெல்ட்வேபெல்) ஆகியவை அதிகம் வரும். பதவிக்குப் பின்னால் ‘டி.ஆர்.’ (d.R.) இருந்தால் அவர் ரிசர்வ் பிரிவைச் சேர்ந்தவர்.

குழுவில் அவர் செய்த வேலை தனி எழுத்தாக நிற்கும். எஃப். விமானி, பி. நோக்குநர், பி.எஃப். வானொலி இயக்குநர், பி.எம். விமான மெக்கானிக், பி.எஸ். துப்பாக்கியாளர்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. பி.எஃப். என்பது வானொலி இயக்குநர். அதுவே 109 அல்லது 110 என்ற எண்ணோடு வந்தால் பேயரிஷெ ஃப்ளூக்ட்சொய்க்வெர்க்கெ நிறுவனத்தின் விமானம். எஃப்.டபிள்யூ. என்பது பதவி, 190 அல்லது 200 என்ற எண்ணோடு வந்தால் ஃபோக்கெ வுல்ஃப் விமானம். பின்னால் எண்ணா, பெயரா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

5. ஆளுக்கு என்ன ஆயிற்று: இங்கே அவசரம் கூடாது

மற்ற இடங்களில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் ஒரு விமானத்தின் கதை பிழையாகும். இங்கே தவறாகப் படித்தால் செத்தவர் பிழைத்தவராவார், பிழைத்தவர் செத்தவராவார். இதை வாசித்துத் தரச் சொல்லி யாரேனும் ஒரு குடும்பம் உங்களிடம் கேட்டிருந்தால், உறுதியாகத் தெரியாததைச் சொல்லாமல் இருப்பதே நேர்மை.

‘கெஃபாலன்’ என்றால் போரில் இறந்தவர், சுருக்கம் ஜி.இ.எஃப். ‘கெஃபாங்கன்’ என்றால் சிறைப்பட்டவர். சுருக்கம் பெரும்பாலும் ஜி.இ.எஃப்.ஜி. இறுதியில் ஆர். வந்தால், மேலே பார்த்தபடி, அது பதவி. ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தில் மூன்று வேறு செய்திகள். பெயருக்கு முன்னால் வந்தால் பதவி, பின்னால் வந்தால் கதி என்பது முதல் சோதனை. கடைசி எழுத்து மங்கியிருந்தால் அதே தட்டச்சாளர் அதே பக்கத்தில் மற்ற வரிகளை எப்படிச் சுருக்கியிருக்கிறார் என்று பாருங்கள். ஒருவர் பழக்கம் ஒரு பக்கத்துக்குள் பெரும்பாலும் மாறுவதில்லை.

அடுத்த இணை இன்னும் ஆபத்தானது. வி.இ.ஆர்.டபிள்யூ. என்றால் காயமடைந்தவர். வி.இ.ஆர்.எம். என்றால் காணாமற்போனவர். இந்தப் பட்டியல்கள் பல கார்பன் நகல்கள். ‘டபிள்யூ’வும் ‘எம்’மும் மை பரவி ஒன்றுபோலாகிவிடும். படத்தைப் பெரிதாக்கி, அதே வரியில் மருத்துவமனைப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ‘லாட்சரெட்’ என்ற சொல் இருந்தால் அவர் காயத்தோடு உயிருடன் கொண்டுசெல்லப்பட்டவர்.

வி.இ.ஆர்.எல். என்பது ‘ஃபெர்லெட்ஸ்ட்’. இதுவும் காயம்தான், ஆனால் பொதுவாக விபத்தில் ஏற்பட்டது. எதிரியால் ஏற்பட்ட காயத்துக்கு மேலே பார்த்த வி.இ.ஆர்.டபிள்யூ. வரும். இந்த வேறுபாடு, விமானம் ஏன் விழுந்தது என்பதற்கும் ஒரு தடயம். இதே நான்கெழுத்துகள் படைப்பிரிவுக் குறிப்பில் வந்தால் ‘ஃபெர்லெக்ட்’, அதாவது பிரிவு வேறு தளத்துக்கு இடம்மாறியது.

எஸ்.சி.எச்.டபிள்யூ. என்பதற்கும் இரண்டு பொருள். எண்ணுக்கு முன்னால் ‘கறுப்பு’. காயச் சொல்லுக்கு முன்னால் ‘கடுமையான’. எஃப்.எஸ்.ஏ. என்றால் பாராசூட்டில் குதித்தது.

காரணப் பத்தியில் ‘ஃபைன்ட்’ என்ற சொல் எதிரி. அதற்கு முன்னால் ‘ஓ.’ என்ற சிற்றெழுத்து இருந்தால் ‘இல்லாமல்’, அதாவது எதிரியின் தாக்கமின்றி நேர்ந்தது. அந்தச் சிற்றெழுத்தைக் கவனிக்காமல் விபத்தைப் போர் இழப்பாக எழுதிவிட்ட கட்டுரைகள் ஏராளம். ‘நோட்’ என்று தொடங்கினால் அவசரத் தரையிறக்கம், ‘ப்ரூக்’ என்றால் தரையிறங்கும்போது நொறுங்கியது, ‘பவுக்’ என்றால் சக்கரம் விரியாமல் வயிற்றில் இறங்கியது.

6. விழுக்காடு சொல்வது விமானத்தைப் பற்றி மட்டுமே

10 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் குழுவினரே சரிசெய்யக்கூடிய சிறு சேதம். 10 முதல் 24 வரை படைப்பிரிவிலேயே சிறு பழுதுபார்ப்பு. 25 முதல் 39 வரை பிரிவிலேயே பெரிய பரிசோதனை. 40 முதல் 44 வரை எஞ்சின் போன்றவற்றை முழுதாக மாற்ற வேண்டும். 45 முதல் 59 வரை கடும் சேதம், பெரும் பகுதிகளை மாற்ற வேண்டும். 60-ஐத் தொட்டால் விமானம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. 80 வரை சில உதிரிகள் மட்டும் தேறும். 81 முதல் 99 வரை தங்கள் வசமிருந்த நிலத்தில் விழுந்து முற்றாக அழிந்தது. 100 என்றால் எதிரி நிலத்திலோ கடலிலோ போய்விட்டது.

60 விழுக்காடு என்பதைப் பார்த்து ‘மீதி 40 தப்பியது’ என்று எண்ணாதீர்கள். அந்த விமானம் மறுபடி பறக்கவில்லை. 5 விழுக்காடு சேதத்தோடு திரும்பிய விமானத்துக்குள் துப்பாக்கியாளர் இறந்து கிடந்திருக்கலாம். 100 விழுக்காடு இழப்பில் குழு முழுதும் கடலிலிருந்து மீட்கப்பட்டிருக்கலாம். இரண்டு பத்திகளையும் தனித்தனியே படியுங்கள்.

7. நேரமும் இடமும்

ஜெர்மனி 1940 ஏப்ரல் 1 முதல் 1942 நவம்பர் 2 வரை குளிர்காலத்திலும் மாற்றாமல் கோடைகால நேரத்தையே வைத்திருந்தது. எனவே 1940 ஆகஸ்டில் ஜெர்மன் ஆவணத்தில் 14.30 என்றால், பிரிட்டிஷ் ஆவணத்தில் 13.30-ஐத் தேடுங்கள். 1941 கோடையில் பிரிட்டன் இரட்டைக் கோடைகால நேரத்துக்குப் போனதால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

திசைகளில் ‘ஓ’ என்றால் கிழக்கு. ‘பி.’ என்ற சிற்றெழுத்து ஊர்ப் பெயருக்கு முன்னால் வந்தால் ‘அருகே’. ‘பி.எல்.க்யூ.யு.’ என்றால் வரைபடக் கட்டம். 1943-இல் வேறு கட்ட முறை புழக்கத்துக்கு வந்ததால், தேதிக்குரிய வரைபடத்தையே பயன்படுத்துங்கள். கிழக்குப் போர்முனையில் ஊர்களுக்கு ஜெர்மன் பெயர் இருக்கும்: ரெவால் என்பது தாலின், லெம்பெர்க் என்பது லிவிவ், ப்ளெஸ்காவ் என்பது ப்ஸ்கோவ்.

தாளின் அடியில் ‘ஜி.இ.இசட்.’ என்று இருந்தால் அதைப் பெயரின் முன்னெழுத்தாகக் கருதாதீர்கள். ‘கையொப்பமிட்டவர்’ என்று பொருள். மூலத்தில் கையொப்பம் இருந்தது, இது அதன் படி.

8. ஆவணங்களைப் பெறுவது: எங்கே, எவ்வளவு, எப்போது

படைப்பிரிவு ஆவணங்கள் ஃப்ரைபுர்க் நகரில் உள்ள ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் ராணுவப் பிரிவில் இருக்கின்றன. லுஃப்ட்வாஃபெ கோப்புகளின் எண் ‘ஆர்.எல்.’ என்று தொடங்கும். ‘இன்வேனியோ’ என்ற இணையத் தேடல் இலவசம். எண்ணிம வடிவில் ஏற்றப்பட்ட கோப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம்; பணம் கட்டும் முன் அதைத் தேடிவிடுங்கள். நேரில் போவதானால் பயன்பாட்டு விண்ணப்பம் தர வேண்டும்; வாசிப்பறை இருக்கையையும் கோப்புகளையும் முன்பதிவு செய்ய வேண்டும். வாசிப்பறைக்குக் கட்டணமில்லை. நகலெடுத்து அனுப்பச் சொன்னால் கட்டணம் உண்டு. அலுவலரைத் தேடித் தரச் சொன்னால் அந்த நேரத்துக்கும் கட்டணம் வரும். ஆகவே, ‘இந்தத் தொகைக்கு மேல் போகும் என்றால் முதலில் தெரிவியுங்கள்’ என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

தனி ஆள் பற்றிய ஆவணங்கள் பெர்லினில். முன்பு ‘வாஸ்ட்’ என்று அறியப்பட்ட அலுவலகம் 2019 ஜனவரி 1 முதல் இதே காப்பகத்தில் இணைந்துவிட்டது. முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றும் கட்டாயம் வேண்டும். அடையாளத் தகட்டின் எண்ணோ ‘எல்’ என்று தொடங்கும் களஅஞ்சல் எண்ணோ இருந்தால் அதையும் சேருங்கள். அவர் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம். இறந்த தேதி தெரியாவிட்டால் பிறந்து நூறாண்டு. பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். கெடு உள்ள வேலைக்கு இதை நம்பி இறங்காதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில் இரண்டு வேலைகளைச் செய்யலாம். ஜெர்மன் போர்க்கல்லறைச் சங்கமான ஃபோல்க்ஸ்பண்டின் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள், இலவசம். விமானம் பிரிட்டனில் விழுந்திருந்தால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ‘ஏ.ஐ.ஆர். 40’ தொகுப்பைப் பாருங்கள். விழுந்த விமானங்களையும் பிடிபட்டவர்களையும் பிரிட்டிஷ் அதிகாரிகள் விசாரித்து எழுதிய அறிக்கைகள் அதில் உள்ளன. விமானக் குறி, அடையாளத் தகட்டு எண் எல்லாம் நேரில் பார்த்துக் குறித்தவை என்பதால், ஜெர்மன் சுருக்கத்தைச் சரிபார்க்க அவற்றைவிட நல்ல துணை இல்லை.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ யூரோவில் பணம் அனுப்பினால், இடையிலுள்ள வங்கி ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளக்கூடும். காப்பகத்துக்குக் குறைவாகப் போய்ச் சேர்ந்தால் நகல் நின்றுவிடும். வங்கிச் செலவு முழுவதும் அனுப்புபவருடையது என்ற தெரிவைக் கேட்டு வாங்குங்கள். காப்பகத்திலிருந்து வரும் கடிதத்தின் மேல் ‘ஏ.இசட்.’ என்று ஓர் எண் இருக்கும். அது உங்கள் கோரிக்கையின் கோப்பு எண். பணம் அனுப்பும் படிவத்திலும் அடுத்தடுத்த மின்னஞ்சல்களின் தலைப்பிலும் அதை எழுத மறக்காதீர்கள்.